ரோமாபுரிச் சீமாட்டிகளும் திலக்சனின் கறுத்த பொட்டும்

மனுரேவா, ஓக்லாந்து
ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நடுச்சாமத்தில் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கோ. எழுத்துக் கோணலாய் இருப்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் நோவும் உங்கள் பிரஷரும் குறைந்திருக்குமென நம்புகிறேன். எல்லோரும் சுகமென்று எழுதிவிட்டேன், ஆனால் சின்னவன் திலக்சனின் இரத்தச் சோதனை முடிவு வந்தால்தான் அது சரியோ பிழையோ தெரியும்.

விஷயம் ரோமாபுரியில் தொடங்கியது. கம்சாயினியின் வகுப்பில் பழைய ரோமைப் பற்றி ஆளுக்கொரு தலைப்பு. போர்வீரரையும் சிங்கத்தையும் பெடியங்கள் பிடித்துக்கொண்டார்களாம், எங்கடை ஆளுக்கு மிஞ்சியது வாசனைத் தைலமும் முகப்பூச்சும். வரலாறு படித்துப் பட்டம் வாங்கின தாய் வீட்டில் இருக்கும்போது சும்மா விடலாமோ? லைப்ரரியில் புத்தகம் எடுத்து நானே முன்னுக்கு நின்றேன். அக்கா, அந்தச் சனத்தின் வாசனைப் பைத்தியம் சொல்லி மாளாது. பூவையும் பட்டையையும் எண்ணெயில் ஊறவைத்து, உள்ளங்காலுக்குக்கூடப் பூசினவர்கள் இருந்தார்களாம். கூத்துப் பார்க்கும் இடத்தில் குங்குமப்பூ வாசனை தெளிப்பார்களாம். குளிக்கப் போனால் உடம்பு முழுக்க எண்ணெய் பூசி, வளைந்த தகட்டால் வழித்தெடுப்பார்களாம். சனிக்கிழமை நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாலே கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறவள், ரோமர் செய்தது என்றதும் 'கூல்!' என்று தலையை நீட்டினாள். ஒலிவ் எண்ணெய் விலையென்று நல்லெண்ணெயில் ரோசாப்பூவும் கறுவாவும் போட்டுக் காய்ச்சினோம். ரோசாப்பூவில் தோசை சுட்ட மாதிரி ஒரு மணம், இன்னும் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பணக்காரச் சீமாட்டிகள் முகம் வெளுக்க ஈயத்தில் செய்த வெள்ளைப் பூச்சைப் பூசினார்கள், அது நஞ்சு என்பதையும் நான்தான் விளங்கப்படுத்தினேன். அவள் வகுப்பில் பேசின அன்று திலக்சனை மடியில் வைத்துக்கொண்டு பெருமையோடு பின்வரிசையில் இருக்கிறேன். எல்லாம் வடிவாய்ச் சொல்லி வந்தவள், கடைசியில் எங்கள் பக்கம் கையைக் காட்டி, 'எங்கடை அம்மாவும் தம்பிக்குக் கறுத்த மை பூசுறவ, அதுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது' என்று இங்கிலீஷில் முடித்தாள். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. இவனோ கன்னத்தில் நாவூறு படாமல் நான் வைத்த பெரிய பொட்டோடு எல்லோருக்கும் சிரித்துக் காட்டுகிறான். ரீச்சர் நல்ல மனுசி, தனியாகக் கூப்பிட்டு, எதில் செய்தது என்று கேட்டா. அக்கா செய்தது என்றேன். என்ன போட்டுச் செய்தது என்றா. அது எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் மை சுட்ட காலத்தில் நான் சோதனைக்குப் படிக்கிறேனென்று அறைக்கதவைப் பூட்டியிருந்தவளல்லவா? பிறகு ரீச்சர் சொல்லி நேர்ஸ் வீட்டுக்கு வந்தா, மையில் கொஞ்சம் வழித்துப் போத்தலில் போட்டா, பிள்ளையின் சின்ன விரலில் குத்தி இரத்தமும் எடுத்தா. சில கண்மைகளில் ஈயம் இருக்கிறதாம். முடிவு வர மூன்று கிழமையாகுமாம்.

அன்றிலிருந்து நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வாயால் வாணி வடிகிறது, அது பல் முளைப்பதாலா ஈயத்தாலா? நேற்றுத் தகப்பனின் சப்பாத்தைக் கடித்துவிட்டுத் தனியாய் இருந்து சிரித்தான். ஈயத்தால் புத்தி பேதலிக்குமாம் அக்கா! சரியென்று பொட்டில்லாமல் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே கண்ட சரோஜினி அக்கா 'அடி ஆத்தை, என்ன வடிவான பிள்ளை!' என்றா, இரவே வயிற்றாலே போகத் தொடங்கிவிட்டது. வைத்தால் நஞ்சு, வைக்காவிட்டால் நாவூறு. யோசித்து யோசித்து, கறுப்பாகவும் இருக்கும், தின்னக்கூடியதுமென்று பாணுக்குப் பூசுகிற மார்மைட்டில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு மேலால் எட்டி அவன் கன்னத்தை நக்கிவிட்டது. இப்போது நாய்ப் பயமும் சேர்ந்துவிட்டது.

ஆகையால் அக்கா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கோ. அந்த மை நீங்கள் உங்கள் கையால் விளக்கில் சுட்டதுதானா? அல்லது சுடுவதற்குப் பஞ்சிப்பட்டு வெள்ளவத்தைக் கடையில் எதையோ வாங்கி, உங்கள் பழைய மைச்சிமிழுக்குள் போட்டு அனுப்பினீர்களா? அப்படிச் செய்திருந்தாலும் நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். உண்மை தெரிந்தால் போதும், நித்திரை வரும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் எல்லோரையும் பிள்ளையார் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், எங்களையும் ஒரு கண் பார்க்கட்டும்.

அன்புத் தங்கை
தேவி

பி.கு. இவர் இப்போதுதான் வேலையால் வந்தார். 'என்னப்பா, இன்னும் படுக்கேல்லையோ?' என்றார். 'அக்காவிட்டை மையைப் பற்றிக் கேட்டு எழுதுறன்' என்றேன். கோட்டைக் கழற்றப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். 'அது... அக்கான்ரை மை இல்லையப்பா.' உங்கள் சிமிழ் தைப்பொங்கலன்றே இவர் கைதவறிக் கோப்பை கழுவுற தண்ணீருக்குள் விழுந்து மையெல்லாம் கரைந்துவிட்டதாம். என் வாய்க்குப் பயந்து, மனுகாக் கடையொன்றில் கண்ணுக்குப் பூசுகிற பென்சில் நாலு வாங்கி, சீவி, கரண்டியில் உருக்கி, அதே சிமிழுக்குள் ஊற்றி வைத்தாராம். 'நீரும் அக்கான்ரை மை மாதிரி வராதெண்டு போறவாற எல்லாருக்கும் காட்டினீர், நான் எப்பிடிச் சொல்லுறது?' என்கிறார். மிச்சப் பென்சில் துண்டைக் காரின் முன்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். லைற்றுக்குக் கீழே பிடித்து வாசித்தேன். இத்தாலியில் செய்ததாம். சுற்றிச் சுற்றி ரோமாபுரிக்கே வந்து நிற்கிறேன் அக்கா.

மேலே உங்களைக் கேட்டதையெல்லாம் விட்டுவிட்டுப் புதிதாய் எழுதத்தான் பார்த்தேன், ஆனால் வீட்டில் வேறு ஏரோகிராம் இல்லை. கோபிக்காதேங்கோ. உங்கள் கையால் சுட்ட மை ஒரு சிமிழ் அனுப்பி, அதை எப்படிச் செய்கிறதென்றும் எழுதுங்கோ. கெதியாய்ப் பதில் போடுங்கோ.