அண்ணன் இல்லாத சித்தப்பா

கூடப்பிறந்த அண்ணன் ஒருவர்கூட இல்லாமல் இத்தனை பிள்ளைகளுக்குச் சித்தப்பாவான மனிதர் இந்த உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. அவர் வீட்டில் அவர்தான் மூத்தவர். இதை நானே விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுடையது ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. பள்ளி கேட்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடைக்காரரைப் பெரியவர்கள் பாய் என்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. சொந்தப் பெயர் என்னவென்று அவருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

இன்றைக்கு ஆசிரியர்கள் கையில் மிஞ்சியிருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். அடிக்கக் கூடாது, சரி. வெளியே நிற்க வைக்கக் கூடாது, அதுவும் சரி. திட்டுவதைக்கூட முன்னும் பின்னும் பார்த்துத்தான் திட்ட வேண்டும். 'நாளைக்குப் பேரன்ட்டைக் கூட்டிட்டு வா' என்ற ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதைக் கேட்டதும் பையன் முகம் வெளுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் வெளுக்காது. "சரிங்க டீச்சர்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்துபோய்ச் சித்தப்பாவை அழைத்து வந்துவிடுவான். நாளைக்குக்கூட இல்லை, அடுத்த பீரியடுக்கே.

முதல் தடவை நான் ஏமாந்ததை மன்னிக்கலாம். வீட்டுப்பாடம் எழுதாத சதீஷுக்காக வந்தவர், என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். "உங்கப்பன் நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து கண்ணு செவந்து தூங்குறான். நீ என்னடான்னா நோட்டைக்கூடத் தொறக்காம ஊர் சுத்திகினு இருக்கியா? இந்த டீச்சர் முகத்தைப் பாருடா, எப்படி எளைச்சுப் போயிட்டாங்க!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்தான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஆரோக்கியராஜ் அதே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போகிற வழியில் தலையில் வெள்ளைத் தொப்பியோடு வந்திருந்தார்.

"நான் ஆரோக்கியராஜ் சித்தப்பாங்க."

"போன வாரம் சதீஷுக்குச் சித்தப்பான்னு சொன்னீங்க?"

"அவனுக்கும்தாங்க."

"ஆரோக்கியராஜோட அப்பா பேர் என்ன?"

அவர் சற்றும் தயங்கவில்லை. பையன் பக்கம் திரும்பினார். "டேய், டீச்சர் கேக்கறாங்கல்ல? அண்ணன் பேர் என்னடா?"

இதற்கு மேல் ஒரு ஆசிரியை என்ன செய்ய முடியும்? போன் செய்யலாம். செய்தேன். பதிவேட்டில் இருந்த நம்பரில் சதீஷின் அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. என் காதில் மட்டுமல்ல, ரோட்டுக்கு எதிர்ப்புறத்திலும் அடித்தது. "ஹலோ, சித்தப்பா பேசறேன்" என்றது குரல். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அவர் இருந்தார். தினமும் விடியும் முன்பே ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். நான் வீட்டுப்பாடத்தை அனுப்பினால், "ரெண்டாவது கணக்கு யாருக்கும் வரலீங்க டீச்சர், இன்னொரு தபா சொல்லிக் குடுங்க" என்று குரல்பதிவு வரும். பின்னணியில் காற்றடிக்கும் பம்பின் சத்தம்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே எனக்குக் கொதிக்கிறது. பெற்றோரில் பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் ஷிப்ட் முடிந்து தூக்கத்தில் இருப்பார்கள். முதல் வரிசை நடு நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பார். குடிதண்ணீர்க் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரையே எழுப்பி நிறுத்திக் கேட்டார். மறுவாரமே குழாயில் தண்ணீர் வந்தது வேறு விஷயம். கேட்க இவர் யார்? நான் தலைமையாசிரியரிடம் முறையிட்டேன்.

"விடுங்க டீச்சர்," என்றார். "தவறாம வர்ற ஒரே பேரன்ட் அவருதான்."

நான் விடுவதாக இல்லை. விதி என்று ஒன்று இருக்கிறது. அதைக் காட்ட ஒரு சந்தர்ப்பமும் வந்தது.

விக்னேஷ் பாதி நாள் பள்ளிக்கு வருவதில்லை. வடலூரில் ஒரு மொபைல் கடையில் நிற்கிறான் என்று தெரிந்தது. பொதுத்தேர்வு நெருங்குகிறது. அப்பா நேரில் வந்து, இனி ஒழுங்காக அனுப்புகிறேன் என்று உறுதி சொன்னால்தான் பையனைத் தேர்வுக்கு அனுப்ப முடியும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். விக்னேஷ் யாரைக் கூட்டி வந்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"முடியாது," என்றேன். "பெத்த அப்பாதான் வரணும்."

"வேணாங்க டீச்சர்," என்றார் சித்தப்பா. முதல் தடவையாகக் குரலில் நடிப்பு இல்லை. "அவர் வந்தா காரியம் கெட்டுப்பூடும். திட்டுறதை எங்கிட்டயே திட்டிடுங்க. பையனை நான் இஸ்துகினு வர்றேன்."

"அப்பா வரணும். இல்லைன்னா பரீட்சை இல்லை."

அன்று கடையை மூடிவிட்டு நிலக்கரிச் சுரங்கத்து வாசலில் போய் நின்றிருக்கிறார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த விக்னேஷின் அப்பாவை அப்படியே தன் டி.வி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்து மனிதர், கான்ட்ராக்ட் தொழிலாளி. பூட்ஸில் மண் காயவில்லை. தலைமையாசிரியர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எவ்வளவு மரியாதை, எவ்வளவு பணிவு! இவரல்லவா பேரன்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொன்னா சரிதாங்க," என்றார். "அவனுக்குப் படிப்பு ஏறலீங்க. டி.சி. குடுத்துடுங்க. கடையிலயே நிக்கட்டும்."

விக்னேஷ் தரையைப் பார்த்தான். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அழைத்து வரச் சொன்ன அசல் அப்பா, அசல் உரிமையோடு, பையனின் படிப்பை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். விதிப்படி அதை மறுக்க எனக்கு வழியே இல்லை.

சித்தப்பாவுக்கு விதி ஏது? "யோவ்!" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "டி.சி. கேக்க நீ யாருய்யா?"

"நான் அவனோட அப்பன், பாய்!"

"இருந்துட்டுப் போ! வருசம் பூரா இந்த அம்மாகிட்ட நின்னு திட்டு வாங்கினது நானு. கணக்குல பெயிலுன்னு திட்டு, லேட்டுன்னு திட்டு, முடி வெட்டலன்னு திட்டு. ஒரு திட்டுக்காவது நீ வந்தியா? திட்டு எல்லாம் எனுக்கு, டி.சி. மட்டும் உனுக்கா?"

அந்த மனிதர் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "நெசங்களா டீச்சர்? எம்பையனுக்காகப் பாயா வந்து திட்டு வாங்கினாரு?"

என் வேலை கணக்கு. பொய் சொல்ல எனக்கு வராது.

"ஆமாம்," என்றேன். "எப்பவும் அவர்தான் வருவார்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "பரீட்சை எழுதிட்டு அப்பறம் பேசிக்கலாம். அது வரைக்கும் பாய் சொல்றதைக் கேளு," என்றார். தலைமையாசிரியரிடம் உறுதியும் சொன்னார். மறுநாள் முதல் டி.வி.எஸ்ஸின் பின்னால் விக்னேஷ் வந்து இறங்கினான். தூக்கம் கலையாத முகம், கையில் கணக்குப் புத்தகம். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இப்போதும் சொல்கிறேன், விதிப்படி அந்த ஆள் எங்கள் பள்ளிக்குள் கால் வைக்கவே தகுதியில்லாதவர். நான் அவரை எந்தக் காலத்திலும் பேரன்ட்டாக அங்கீகரிக்கவில்லை.

கணக்குத் தேர்வு அன்று பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல நானும் தேர்வு மையத்துக்குப் போயிருந்தேன். மணி அடித்ததும் கேட்டை மூடினார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறதென்று அப்பாக்கள் கிளம்பினார்கள், அம்மாக்களும் கிளம்பினார்கள். ரோட்டோரத்துப் புங்கமரத்தடியில் சித்தப்பா மட்டும் நின்றிருந்தார். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் காலடியில்தான் பைகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"கடை?" என்று கேட்டேன்.

"சாத்திட்டேங்க." கேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கணக்கு சுளுவா வந்திருக்குமாங்க டீச்சர்?"

"எல்லாம் நடத்தினதுதான். எழுதிடுவாங்க."

"வெயில்ல ஏன் நிக்கறீங்க? நீங்க வூட்டுக்குப் போங்க. அதான் நான் இருக்கேன்ல," என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு பைகளைத் தள்ளிவைத்து, நிழலில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.

வீட்டில் எனக்கு வேலை இருக்கத்தான் செய்தது. தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.