கலாவை முந்தப் போன வண்டி

பக்கத்து வீட்டுக்காரன்மேல் பொறாமைப்படுவதில் ஒரு வசதி இருக்கிறது. சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். கட்டின மனைவிமேல் பொறாமைப்பட்டால் எந்தச் சன்னலைச் சாத்துவது? அவளே வந்து, "ஏங்க, புழுங்குது" என்று திறந்துவிடுவாள்.

நானும் கலாவும் ஒரே மாதிரி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறோம். ஒரே மாடல், ஒரே நாளில் எடுத்தது. என்னுடையது கறுப்பு, அவளுடையது சிவப்பு. பாலசமுத்திரத்தில் எங்கள் வாசலில் இரண்டும் ஜோடியாக நிற்பதைப் பார்த்து, மனப்பொருத்தம் என்றால் இதுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் மலையேறும்போது பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

என் தங்கை தேவியைப் பேத்துப்பாறையில் பூண்டு வெள்ளாமை செய்யும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் பழனி மலைச்சாலையில் கலா முன்னால், நான் பின்னால். நான் போய்ச் சேரும்போது அவள் டீ குடித்து, முகம் கழுவி, தேவியின் மாமியாரோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

"கலாப்பொண்ணு வந்து எம்புட்டு நேரமாச்சு. நீங்க வழியில ஏதும் சோலியா நின்னுட்டீங்களா தம்பி?" என்று அந்த அம்மா அக்கறையாகத்தான் கேட்பார். எனக்கு உள்ளே எரியும். அவள் குடித்து முடித்த டீ டம்ளரைப் பார்த்தால்கூட எரியும்.

(கலா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஐம்பது கிலோ தாண்டாதவள். என் எடையை எழுத இங்கே இடம் போதாது.)

எடைதான் காரணம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வண்டியில்தான் ஏதோ சூது என்று நம்பினேன். நான் பழனியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இப்போதைய வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று அதன் சிப்பில் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். அவற்றை மாற்றி எழுதினால் வண்டி பறக்கும் என்று இணையத்தில் ஒரு கூட்டமே சத்தியம் செய்தது. கேபிளை வரவழைத்தேன். சாஃப்ட்வேரை இறக்கினேன்.

கலா பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியையும் லேப்டாப்பையும் இணைத்தேன். திரையில் எண்கள் விரிந்தன. அவற்றுக்கு நடுவே திருடனைப் பிடித்துவிட்டேன். உயரம் ஏறி, காற்றழுத்தம் குறையக் குறைய, பெட்ரோலையும் குறைத்துக்கொடு என்று ஒரு வரிசை. மலையேறும்போதுதானே வண்டிக்குத் தெம்பு வேண்டும், அப்போது போய் அரைவயிறு போடுகிறார்களே என்று கொதித்தேன். அந்த வரிசையையே தூக்கிவிட்டு, உச்சிவரைக்கும் அடிவாரத்து அளவே கொடு என்று எழுதினேன். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் கூடிவிட்டது என்று கோள் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரின் வாயையும் அடைத்தேன். (மேலே காற்று மெலிசு, அதற்குத் தக்க பெட்ரோல்தான் எரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதை நடத்திய அன்று நான் லீவு.)

கலாவின் வண்டியிலும் அதே எண்கள்தானே இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பொறாமைக்காரனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

அடுத்த வாரம் தேவியின் மகள் யாழினிக்குப் பேத்துப்பாறைக் கோயிலில் காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"ஒரே வண்டியில போயிருவோமே" என்றாள் கலா.

"உனக்குக் கால் வலிக்கும்" என்றேன். தோடு, பட்டுப்பாவாடை, தேங்காய் பழம், என் தலைப்பாகைத் துண்டு என்று சீர்ச் சாமான் முழுவதையும் அவள் வண்டியில் கட்டினேன். "ஒங்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்றும் சொன்னேன். உண்மையில், அவள் வண்டியில் பாரம் ஏறட்டும் என்றுதான்.

வெள்ளனே கிளம்பினோம். செக்போஸ்ட் தாண்டியதும் முறுக்கினேன். வண்டி நிஜமாகவே பாய்ந்தது. கண்ணாடியில் கலா சிறுத்துக்கொண்டே போய் ஒரு வளைவில் காணாமல் போனாள். நான் தனியாகச் சிரித்தேன். என் இல்லற வாழ்க்கையின் பொற்காலம் அந்தச் சில கிலோமீட்டர்கள்தான்.

சவரிக்காடு நெருங்கும்போது வண்டி இருமியது. பிறகு கரும்புகை கக்கியது. பின்னால் வந்த பஸ்ஸில் ஆட்கள் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். இரண்டு வளைவு தள்ளி, எஞ்சின் பெட்ரோலைக் குடிக்க முடியாமல் மூச்சுத் திணறி நின்றேவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கலாவின் வண்டிச் சத்தம் கேட்டது. கையைக் காட்டியிருந்தால் நின்றிருப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு புதரைப் பார்த்து நின்றேன். ஒதுங்கியிருக்கிறேன் என்று நினைத்து, நாசூக்காக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வண்டி அத்தனை பாரத்தோடும் அலுங்காமல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு நிறமே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து மாட்டினேன். அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். வண்டி அசையவில்லை. போனில் சிக்னலும் இல்லை. கடைசியில், மேல்மலைத் தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன் நின்றது.

"எங்கண்ணே போவணும்?"

"பேத்துப்பாறை. காதுகுத்து."

"மாமனா?"

"ஆமா."

"அப்ப வெரசா ஏறுங்க. முன்னால எடமில்ல. வண்டியத் தூக்கிப் போட்டுட்டு நீங்களும் மூட்டை மேலயே ஒக்காந்துக்கங்க."

கோயில் வாசலில் நான் எருமூட்டை மேலிருந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று தேவியின் மாமியார், "மாமன் என்ன, மாமன் பொண்டாட்டி என்ன, ஒக்காரும்மா" என்று கலாவை உட்காரச் சொல்லிவிட்டாராம். என் தலைப்பாகையைக் கலா கட்டியிருந்தாள். அவளுக்கு அது எடுப்பாக வேறு இருந்தது. மடியில் யாழினி அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கண் விழித்தவள், கரி அப்பிய என் முகத்தைப் பார்த்து, ஊசிக்கு அழுததைவிடப் பெரிதாக வீறிட்டாள். கலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கண்ணே போன?" என்றாள் தேவி, அழுகிற குரலில். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, மொதல்ல குளிச்சுட்டு வாங்க" என்றார்.

குழாயடியில் கலாதான் தண்ணீர் ஊற்றினாள். "வண்டிய என்னங்க பண்ணுனீங்க?"

சொன்னேன்.

"எதுக்கு?"

"ஒன்ன முந்தணும்னுதான்."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இன்னொரு குவளை ஊற்றிவிட்டு, "சொல்லியிருந்தா நான் மெதுவா வந்திருப்பேன்ல" என்றாள். எருமூட்டை மேல் உட்கார்ந்து வந்ததுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இல்லை.

கம்பெனியின் எண்களையே திரும்ப எழுதிவிட்டேன். வண்டி இப்போது பழையபடி ஓடுகிறது, அதாவது கலாவுக்குப் பின்னால். யாழினி எல்.கே.ஜி. போகிறாள். யார் மடியில் காது குத்தினார்களோ அவர்தான் மாமா என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ திருத்திப் பார்த்தோம், கேட்பதாக இல்லை. போன வாரம் நான் வழக்கம்போலக் கடைசியில் போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"மாமா, அத்தை வந்துட்டாங்க."

கலா உள்ளேயிருந்து, "வரச் சொல்லு" என்றாள்.