பிஸ்கட் டப்பாவைப் பார்த்துத் தைத்த கடல் உடுப்பு

எனக்குத் தையல் தெரியும் என்று நான் மனப்பூர்வமாக நம்பிய காலம் ஒன்று உண்டு. ஒரு மனிதர் கடலில் முங்கிச் சாகப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கை என்னை விட்டுப் போனது.

கல்யாணமாகிச் சுசீந்திரத்துக்கு வந்து மூன்று மாதம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "காப்பி", "குடை எங்க?" என்ற மூன்று வார்த்தைகளிலேயே எங்கள் இல்லறம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பிடித்திருக்கிறதா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. (மாமியாரிடம் கேட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.)

சித்திரை விடுமுறையில் கன்னியாகுமரிக்குப் போய்க் கடலில் குளிப்பது என்று தீர்மானமானது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அங்கே ஈரச் சேலை காலைச் சுற்றி, நாலு பேர் பார்க்கக் குப்புற விழுந்தவள் நான். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதன் மூடியில் வெள்ளைக்காரி ஒருத்தி சிவப்புக் குளியல் உடுப்பும் தொப்பியுமாகக் கடற்கரையில் நின்றாள். அதைப் பார்த்துத் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவளுக்குக் கை இல்லாத சட்டை. நான் மணிக்கட்டு வரை வைத்தேன். அவளுக்கு முழங்காலோடு நின்றது. நான் கணுக்கால் வரை இறக்கினேன். கழுத்தைத் தாடை வரை ஏற்றினேன். முடித்தபோது வெள்ளைக்காரியின் பங்காக மிஞ்சியது தொப்பி மட்டும்தான். அதற்கும் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்தேன்.

மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் போட்டா மானம் போவாது மக்கா, மூச்சுதான் போவும்" என்று அனுமதி கொடுத்தார்.

துணி வெறும் வெளுக்காத கோரா. சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கி நானே முக்கினேன். உப்புப் போட்டு நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அடுப்பில் அப்போது நெல் அவிந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரே போதும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

கன்னியாகுமரியில், நீந்தத் தெரியாத என் வீட்டுக்காரர் பாறையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நானும் நாத்தனார் பகவதியும் கையைக் கோத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனோம். பெரிய அலை ஒன்று வந்து என்னை அப்படியே முக்கியது. தொப்பி கஞ்சியாகவே கரைந்து முகத்தில் வழிந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால், என்னைச் சுற்றிக் கடல் சிவப்பாகக் கிடக்கிறது.

"அய்யோ! ரத்தம்! மதினிய சுறா கடிச்சிட்டு!" என்று பகவதி அலறினாள்.

"கோமதி!"

மூன்று மாதத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேப்பர் ஒரு பக்கம் பறந்தது. கண்ணாடி, கைக்கடிகாரம், வேட்டி, சட்டையோடு கணக்கு வாத்தியார் கடலில் குதித்தார். குதித்த இடம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த ஆழமான பள்ளம். முங்கினார். நான் அவரை நோக்கி ஓடப் பார்த்தேன். தண்ணீர் குடித்த என் உடுப்பு நெல் மூட்டை மாதிரி கனத்து, ஓரடி நகர விடவில்லை.

நல்ல வேளையாக ஒரு கட்டுமரம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அதிலிருந்த மீனவர் லாசர் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து அவரைக் கட்டுமரத்தில் தூக்கிப் போட்டார். பிறகு என்னையும் கரைக்கு இழுத்து வந்தார்.

"கடி எங்க மக்கா? காட்டு!"

என் சட்டைக் கையைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது ரத்தமில்ல. சாயமாக்கும்!"

அந்த நல்ல மனிதர் எங்கள் முன்னால் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் வெகுநேரம் குலுங்கியது.

என் வீட்டுக்காரர் உப்புத் தண்ணீரையெல்லாம் கக்கி முடித்தார். கண்ணாடி போய்விட்டதால் என் பக்கம் உத்தேசமாகப் பார்த்துக் கேட்டார்:

"காலு இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப சரி" என்றவர், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். பிடித்திருக்கிறதா என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பத்து நாள் வரை தலைமுதல் கால்வரை நான் சிவப்பாக இருந்தேன். லாசர் அண்ணனுக்கு அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வயலின் புது அரிசி போகிறது. அதுவும் போதாது என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் யார் வெளியூர் போய்த் திரும்பினாலும், வாசலில் வைத்தே, "காலு ரெண்டும் இருக்கா?" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிரிப்பதற்காகக் கேட்கிறார்கள். அவர் மட்டும் கேட்டுவிட்டு, குனிந்து ஒரு தடவை பார்த்தும் கொள்கிறார்.