அறிவிப்புப் பலகை முற்றுகைப் படலம்

வாழ்க தராசு! சட்டக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சன்னலோரத்து மூன்றாம் பெஞ்சை அரியணையாகக் கொண்டவளும், மைக்கறை நீங்காத சுட்டுவிரலையே செங்கோலாக உடையவளும், எதைக் கேட்டாலும் தலையை இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை சாய்த்து நிறுத்துப் பார்த்த பின்னரே வாய் திறப்பவளாதலால் தோழியரால் அத்திருப்பெயர் சூட்டப்பெற்றவளும், இலவசச் சட்ட உதவி மன்றத்தின் செயலாளர், பொருளாளர், தட்டச்சர், நாற்காலி தூக்குபவர் ஆகிய நான்கு பதவிகளையும் ஒற்றை உடம்பில் சுமப்பவளுமாகிய வீராங்கனையின் வெற்றியைப் பாடப் புகுகின்றோம். மாடிப்படியின் ஓரத்தே நிலைபெற்ற பலகையே! பச்சைத் துணி போர்த்த மார்பும் கண்ணாடிக் கதவமும் பித்தளைப் பூட்டும் கொண்ட பெருமாட்டியே! 'செய்திகளும் வரவிருக்கும் நிகழ்வுகளும்' என்னும் வெள்ளெழுத்து வரியை மணிமுடியாய்ச் சூடியவளே! எம் நா பிறழாதிருக்க நீயே துணை நிற்பாயாக.

போருக்குள் இறங்குமுன் போர்க்களத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம். இல்லாவிடில் யார் யாரை அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று பிற்பாடு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்க நேரிடும். அப்பலகை வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை முதல் நான்கு வரை மட்டுமே திறக்கும். திறவுகோல் அட்டெண்டர் அக்காவிடம். சரியாக நான்கு மணிக்கு அலுவலகக் கண்காணிப்பாளர் ஊதா மை முத்திரையோடு இறங்கி வருவார். அவர் முத்திரை விழுந்தது அறிவிப்பு. விழாதது வெறும் காகிதம். முத்திரை விழுந்து ஏழு நாள் நிறைந்தாலன்றி எந்த நிகழ்ச்சிக்கும் அரங்கின் சாவி கிடையாது. இவ்விதியை இயற்றியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. மீறியவரும் எவருமில்லை.

தராசு ஏற்பாடு செய்திருந்த இலவசச் சட்ட உதவி முகாமோ அடுத்த புதன்கிழமை. விரல்விட்டு எண்ணினாலும் நாட்காட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இன்றைக்கு நான்கு மணியே எல்லை. அந்த ஒரு நாள்தான் வர முடியும் என்று வெளியூர் வழக்கறிஞர் அம்மையார் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. கல்லூரிக் கேண்டீனை நடத்தும் அக்காவின் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் தேதி பிழையாய் விழுந்துவிட்டது. அதை நம்பினால் அக்குழந்தை தான் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்னரே தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள் பள்ளியில் சேர்க்க வேண்டும். மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கிய அந்தத் தாயிடம், "புதன்கிழமை வாங்கக்கா, பக்காவா மனு எழுதிடலாம்" என்று தராசு வாக்களித்திருந்தாள். தலையைச் சாய்க்காமல், நிறுத்துப் பாராமல், அவள் சட்டென்று தந்த வாக்கு வாழ்நாளில் அது ஒன்றே.

இனி எதிரியைப் பாடுவோம். எதிரியைக் குறைத்துச் சொன்னால் வெற்றி சிறுத்துப்போகும். மூன்றாம் ஆண்டின் முடிசூடா மன்னன், மாதிரி நீதிமன்றப் போட்டியின் செயலாளன், குரலால் மின்விசிறியின் ஓசையை அடக்கியவன், கட்டுரை ஒப்படைப்பானாலும் கடன் வாங்கிய நூலானாலும் இரண்டு தவணை கேளாமல் ஒன்றையும் முடித்தறியாதவன், ஆதலால் 'வாய்தா' என்று விருதுபெற்றவன், தோளின்மேல் சுருட்டிய போஸ்டரைக் கதாயுதம்போல் சாய்த்துக்கொண்டு மூன்று மணி முப்பத்தேழு நிமிடத்துக்கு உழிஞைப் பூ சூடிய வேந்தனெனப் பலகைக் கோட்டையை வந்து வளைத்தான். சும்மா சொல்லக்கூடாது, அழகான போஸ்டர். எட்டுத் தாள் அகலம். போட்டிக்கு இன்னும் இருபத்துநான்கு நாள் இருக்க, கெடுவுக்கு முன்னரே அவன் முடித்த முதற்காரியம் அது. அந்தப் பெருமிதத்தில் அவன் நெஞ்சு போஸ்டரைவிட அகன்றிருந்தது.

ஒரு நிமிடம் கழித்துத் தராசு வந்தாள். கையில் ஒற்றைத் தாள். சட்டைப்பையில் நான்கு குண்டூசிகள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க."

"தள்ளிட்டு எங்க ஒட்டப்போற? பாரு, ஊசி குத்தவே இடம் இல்ல."

பலகை நிறைமாதக் கர்ப்பிணிபோல் நிறைந்திருந்தது. மேல்வரிசையில், மூன்று அணிகள் மோதிய கைப்பந்துப் போட்டியில் மூன்றாம் இடம் வென்ற வீரர்களின் வண்ணப்படம். அதனருகே முதல்வரின் கட்டுரை அச்சேறிய இதழின் முதற்பக்கம். அதன்கீழ், வரும் வெள்ளிக்கிழமை நுகர்வோர் உரிமை பற்றிய சிறப்புரை, 'வருகைப்பதிவு உண்டு' என்னும் இரு சொற்களால் கூட்டத்தைக் கட்டி இழுக்கும் அறிவிப்பு. இடப்புறம் தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி. வலப்புறம், 'கறுப்புக் கோட்டு காணவில்லை. எல்லாக் கோட்டும் கறுப்புத்தான் என்பது எனக்கும் தெரியும். இதில் ஒரு பொத்தான் இல்லை' என்னும் துயரச் செய்தி. நட்டநடுவே, எட்டு மாதத்துக்கு முன் நடந்து முடிந்து, போட்ட மாலையும் வாடி உதிர்ந்துபோன புதிய மாணவர் வரவேற்பு விழாவின் அழைப்பு, 'வருக! வருக!' என்று இன்னமும் யாரையோ கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வேறு கல்லூரியாயின் அத்தாளை எவனோ கிழித்து எறிந்து, அதில் ராக்கெட் செய்து விட்டிருப்பான். இதுவோ சட்டக் கல்லூரி. பலகையின் அடிச்சட்டத்தில் 'ஒட்டியவரே அகற்றுக. பிறர் கை வைத்தல் கூடாது' என்று பொறித்திருந்தது. ஒட்டியவனாகப் பெயர் கண்டவனோ படிப்பை முடித்துப் போய்விட்டான். வெளிநாட்டில் இருக்கிறான் என்பர் ஒரு சாரார், மாமனாரின் கடையில் இருக்கிறான் என்பர் மறு சாரார். ஆகவே எட்டு மாதமாக, விதியென்னும் அகழி சூழ்ந்த அத்தாளை அணுக அஞ்சி, முந்நூறு சட்ட மாணவரும் விலகியே நடந்தனர்.

முதற்போர் மூண்டது. வாய்தா போஸ்டரை விரித்துத் தேர்வுத் தேதியின்மேல் படரவிட்டான். படிக்கட்டில் நின்ற சேனை, கரை உடைந்த ஏரிபோல் ஆர்ப்பரித்து அவனைப் பின்வாங்கச் செய்தது. தராசு கைப்பந்து வீரர்க்கும் முதல்வர் கட்டுரைக்கும் இடைப்பட்ட மூன்று விரல் சந்தில் தன் தாளை நுழைத்துப் பார்த்தாள். இரும்புக் கதவில் மோதிய இளங்கன்றென அது மடங்கித் திரும்பியது. மூன்று மணி நாற்பத்துநான்கு. இரு படைகளின் கண்களும் ஒருங்கே நடுவிலிருந்த 'வருக! வருக!' மேல் பாய்ந்தன.

அப்போது எழுந்த சொற்போரை எங்ஙனம் உரைப்போம்! ஆயிரம் யானைகள் பிளிறினாற்போலும், அவற்றுள் ஒன்றும் மற்றொன்று சொல்வதைக் காது கொடுத்துக் கேளாதது போலும் இருந்தது அது.

"கேளீர் தோழர்காள்!" என்று வாய்தா மூன்றாம் படியில் ஏறி முழங்கினான். "ஒட்டியவன் மறைந்தான், உரிமை மறையவில்லை! அவனுக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்புவோம். முப்பது நாள் கெடு வைப்போம். பதில் வாராவிடில் அப்போது அகற்றுவோம்!" படிக்கட்டு அதிரக் கைதட்டல்.

"கைவிட்ட பொருள் யாருக்கும் சொந்தமில்லை!" என்று கூட்டத்தில் ஒருத்தி எதிர்முழக்கமிட்டாள். விழா முடிந்த கணமே அழைப்பு உயிர்நீத்தது என்றான் ஒருவன். 'வருக' என்பதற்குக் கால வரம்பு போடவில்லையே, ஆதலால் அது நிரந்தர அழைப்பு என்றான் இன்னொருவன். மூவர் கொண்ட குழு அமைக்கத் தீர்மானம் வந்தது. மூவரில் இருவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டனர். மூன்று மணி ஐம்பத்திரண்டு.

இங்ஙனம் களம் புழுதி மண்டிக் கிடக்க, வாய்தா தன் கடைசி அம்பை எடுத்தான். அது அவன் பிறவி ஆயுதம்.

"சரி சரி. அடுத்த புதன் வரைக்கும் இப்ப இருக்கிற நிலை அப்படியே இருக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

கூட்டம் 'ஆகா, நியாயம்' என்றது. எந்தப் பக்கமும் தோற்காத தீர்ப்பென்று அனைவரும் தலையசைத்தனர். தராசு ஒருத்திக்கே அச்சொல் மார்பில் தைத்தது. அறிவிப்பு அடுத்த புதனுக்குத் தள்ளிப்போனால் முகாம் இல்லை. வழக்கறிஞர் அம்மையார் இல்லை. கேண்டீன் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் கண்ணின் ஓரம் கரித்தது; ஆயினும் அழுவதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

அந்நிலையில் அவள் தலை இடப்புறம் சாய்ந்தது. வலப்புறம் சாய்ந்தது. காற்றடித்து ஓய்ந்த துலாக்கோல்போல் நடுவில் வந்து நின்றது. முழங்கியவர் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஒரு கையில் பூட்டும் மறுகையில் திறவுகோலுமாய் முக்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அட்டெண்டர் அக்காவிடம் போனாள்.

"அக்கா, இதை ஒட்டினது யாரு?"

"எதை?"

"இந்த வரவேற்பு விழாவை."

"நான்தான்."

படிக்கட்டில் நின்ற அத்தனை தலைகளும் முக்காலியின் பக்கம் திரும்பின.

"பேர் அந்தத் தம்பியோடதுதான். ஆனா அவனுக்கு ஊசி குத்தவே தெரியல. விரல்ல குத்திக்கிட்டு நின்னான். நான்தான் வாங்கி நாலு மூலையிலும் குத்தினேன்."

"அப்ப நீங்க எடுக்கலாமேக்கா?"

"எடுக்கலாமே. யாரு வேணாம்னா? நீங்கல்லாம் தினமும் நின்னு நின்னு பாத்துட்டுப் போறீங்களேன்னு, ஏதோ முக்கியமானது போலன்னு விட்டுட்டேன்."

ஐயகோ! எட்டுத் திங்கள், முந்நூறு மாணவர், சட்டம் கரைத்துக் குடித்த பேராசிரியர் பதினால்வர், அத்தனை பேருள் ஒருவரும் கேளாத ஒற்றைக் கேள்வி! விதியின் பொருளை விளக்கினார். விதியின் வரலாறு ஆராய்ந்தார். ஒட்டிய கை எந்தக் கை என்று கேட்டாரில்லை. வாய்தா மூன்றாம் படியிலிருந்து ஓசையின்றி இரண்டாம் படிக்கு இறங்கினான்.

அக்கா எழுந்தார். நான்கு ஊசிகளும் நான்கு வாயிற்காவலர்போல் சரணடைந்தன. தாள் விழுந்த இடத்தில், எட்டு மாத வெயில் படாத பச்சைத் துணி, மழை கண்ட வயல்போல் ஒரு தாள் அளவுக்குப் பளபளத்தது. மூன்று மணி ஐம்பத்தேழு. மேல்மாடியில் கண்காணிப்பாளரின் செருப்பொலி போர் முரசெனக் கேட்கத் தொடங்கியது.

போர் இன்னும் ஓயவில்லை. வாய்தா தன் போஸ்டரை எட்டாய் மடித்து, அதில் வரைந்திருந்த நீதிபதியின் மூக்கு மட்டும் வெளியே தெரிய, அந்த வயலில் பொருத்திப் பார்த்தான்.

"அண்ணா, உங்களுக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருக்கு. எனக்கு மூணு நிமிஷம்தான் இருக்கு."

"நான் முதல் தடவையா சீக்கிரம் முடிச்சிருக்கேன்மா. அதைக் கெடுக்கப் பாக்குறியே. அப்படி யாருக்கு அவசரம்?"

"கேண்டீன் அக்கா பொண்ணுக்கு. மாசக் கடைசிக்குள்ள ஸ்கூல்ல சேக்கணும். வாங்கன்னு நான் சொல்லிட்டேன்."

வாய்தாவின் கை நின்றது. மூன்றாண்டாகக் காலைதோறும் அந்த அக்காவின் கையால் உண்டவன் அவன். நேரம் கடந்து வந்தாலும் அவனுக்கென்று ஒரு தட்டு மூடியிட்டே இருக்கும்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இருபது நிமிஷம் தொண்டை கிழியக் கத்த விட்டுட்டியே!"

"நீங்க எங்கண்ணா பேசவிட்டீங்க?"

"சரி, ஒட்டு. எனக்கு ஒரு வாரம் வாய்தா."

படிக்கட்டு முழுதும் சிரிப்பு பொங்கிற்று, அவனும் சிரித்தான். தராசு மூன்று ஊசி குத்திய அவசரத்தில் நான்காவதைக் கீழே போட, அவனே குனிந்து எடுத்துக் கடைசி மூலையில் அழுத்தினான்.

கண்காணிப்பாளர் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், தேதியை விரலால் எண்ணினார், ஏழு நாள் சரியாக இருப்பதில் சற்றே ஏமாற்றமுற்றவர்போல் பெருமூச்சு விட்டார். பின்னர், மேகம் பிளந்து இடி இறங்கினாற்போல், மலைமேல் மலை அமர்ந்தாற்போல், ஊதா முத்திரை தாளின்மேல் இறங்கிற்று. இறங்கிய ஓசையில் கைப்பந்து வீரர் நிமிர்ந்தனர், முதல்வரின் கட்டுரை அசைந்தது, காணாமற்போன கோட்டின் அறிவிப்பும் ஒருகணம் துயர் மறந்தது. கண்ணாடிக் கதவம் சாத்தப்பட்டது, பித்தளைப் பூட்டு வாய்மூடிற்று, வாகை மாலை கண்ணுக்குப் புலப்படாமல் தராசின் கழுத்தில் விழுந்தது, சேனை இருபுறமும் பிரிந்து வழிவிட, ஏழு கடலும் ஏழு மலையும் வாழ்த்தொலி எழுப்ப, எழுதிய எழுத்தும் கொடுத்த வாக்கும் ஒன்றேயென நிறுவிய அப்பெருமகளின் புகழ், படிக்கட்டு உள்ளளவும் பலகை உள்ளளவும் நிலைப்பதாயிற்று.

அடுத்த புதன்கிழமை கேண்டீன் அக்கா வந்து, மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உடனே கிளம்பிவிட்டார்.