ஆறாயிரத்து நானூறு

"ஆறாயிரத்து நானூறு சார்! எங்கயும் நிக்காம போச்சு."

கேன்டீனில் விக்ரம் சூப்பர்வைசர் கோபிநாத்திடம் சொன்னது காதில் விழுந்ததும், பக்கத்து மேஜையில் கமலக்கண்ணன் வாய்க்குப் போன மெதுவடை பாதி வழியிலேயே நின்றது.

தட்டாஞ்சாவடியில் அந்த இரும்புச் சாமான் கம்பெனியில் அவனும் விக்ரமும் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் கமலக்கண்ணன் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. தன் வீட்டு கம்ப்யூட்டரின் மெமரி ஆறாயிரம் வேகத்தில் ஓடுவதைப் பற்றி அவன் பேசாத நாளும் கிடையாது. போன மாதம் விக்ரமுக்கு அதே மெமரி போட்ட கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஸ்குரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்ட பயல், இன்று ஆறாயிரத்து நானூறு!

"எத்தினி நாளா ஓடுது?" முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டான்.

"நாலு நாளாண்ணே. ஒரேடியா ஏத்தக்கூடாது. தினம் முன்னூறு, நானூறுன்னு ஏத்தணும்."

"சூடாவுமே?"

"ஆவும்தான். நல்லா காத்து வர்ற எடமா பாத்துக்கிட்டா போதும்ணே."

எனக்கே பாடம் எடுக்கிறான்! கமலக்கண்ணனுக்கு டீ கசந்தது.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரின் வேகத்தை மாற்றும் பயாஸ் பக்கத்தைத் திறந்து ஆறாயிரத்து நானூறு என்று வைத்தான். திரை கறுத்தது. போர்டிலிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டி உயிர் கொடுத்தான். வோல்டேஜைக் கூட்டினான். திரை வந்தது. மெமரி டெஸ்ட்டை ஓடவிட்டான். இருபதாவது நிமிஷம் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொரு வரியும் ஒரு தப்பு. ஒவ்வொன்றும் விக்ரம் பல்லைக் காட்டுவது போலவே இருந்தது.

காற்று! கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்தான். ஹேமலதாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து மெமரிக்கு நேரே வைத்தான். ஆறாயிரத்து நானூறை மட்டும் குறைக்கவில்லை.

"எனக்கு வேர்க்குதுங்க!"

"உனக்கு வேர்த்தா பரவால்ல. அதுக்கு வேர்க்கக் கூடாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே கம்ப்யூட்டரில்தான் ஹேமலதா கல்யாண ஜாக்கெட்டுக்கு மயில் டிசைன் போட்டாள். பிள்ளைச்சாவடி அமுதவல்லியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ராத்திரியோடு ராத்திரியாக டிசைனை எம்பிராய்டரி மெஷினில் ஏற்றி இரண்டு கையையும் தைத்து, தூக்கக் கலக்கத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் அமுதவல்லிக்குக் கொடுத்தும்விட்டாள்.

மறுநாள் கேன்டீனில் விக்ரம் துள்ளிக்கொண்டு வந்தான். "ஆறாயிரத்து எண்ணூறுண்ணே!"

"எப்பிடிடா?"

"தண்ணிதாண்ணே ரகசியம். தண்ணி இல்லாம இதுக்கு மேல முடியவே முடியாது."

வாட்டர் கூலிங்! தண்ணீரை ஓடவிட்டு மெஷினைக் குளிரவைக்கும் வித்தை கமலக்கண்ணனுக்குத் தோன்றாமல் போயிற்றே! தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு, கடையில் தண்ணீர்க் குழாய் வைத்த கூலரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

வாசலில் அமுதவல்லி நின்றிருந்தாள். கையில் ஜாக்கெட்.

"ஏம்மா ஹேமா, மயிலு தல எங்கம்மா?"

இடது கையில் மயில் கழுத்தோடு நின்றது. அதன் தலை வலது கை மயிலின் வாலில் முளைத்திருந்தது.

"டிசைன் நல்லாத்தான் போட்டேன், அக்கா..." என்ற ஹேமலதா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "நீங்க அந்தப் பொட்டிய இன்னா பண்ணீங்க?"

மெமரி தப்பாக ஞாபகம் வைத்தால் மயிலுக்குத் தலை மாறும் என்பது அவனுக்குத் தெரியும். சொன்னால் தன் தலைக்கு ஆபத்து என்பதும் தெரியும்.

"கரன்டு ஏறி எறங்குதும்மா. இரு, சரி பண்றேன்."

கூலரை மாட்டினான். ஆறாயிரத்து எண்ணூறு வைத்தான். குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் வீடே அமைதி. மிச்சமிருந்த ஒரே டிசைன் ஃபைலும் அதற்குள்ளேதான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம கல்யாணம்" என்றாள் அமுதவல்லி, யாரையும் பார்க்காமல்.

ஹேமலதா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் பகலெல்லாம் கமலக்கண்ணன் தன் மேஜையை விட்டு எழாமல் இருந்தும், "ஏழாயிரத்து எரநூறுண்ணே!" என்று விக்ரம் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் கமலக்கண்ணன் மானத்தை மடித்து ஓரமாக வைத்தான். ஈரக் கேபினெட்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் விக்ரம் வீட்டு வாசலில் போய் நின்றான். வித்தையைச் சொல்லிக் கொடுடா என்று காலில் விழவும் தயாராக இருந்தான்.

கதவைத் திறந்தவள் விக்ரமின் மனைவி தீபலட்சுமி.

"விக்ரம் இருக்கானாம்மா? ஏழாயிரத்து எரநூறு எப்பிடி வந்துச்சுன்னு கேக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்டயும் சொல்லிட்டாராண்ணே? சக்கரைக்கு தினம் பத்தாயிரம் அடி நடக்கணும்னு டாக்டர் சொன்னாலும் சொன்னாரு, இன்னிக்கு எட்டாயிரம் அடி நடக்காம வூட்டுக்கு வரமாட்டேன்னு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு பீச் ரோட்டுக்குப் போயிருக்காரு!"