கழுகுக் கண்ணும் பூசணிக்காயும்

"'எருமை மேய்ப்பவன்கூட எருமை எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பான். நம் மேனேஜர் மாதையனோ, ஆட்டம் முடியும்வரை வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறார்!'"

உண்ணாமலை படிப்பதை நிறுத்திப் பல்லைக் கடித்தாள்.

திங்கட்கிழமை காலை. செவ்வாய்ப்பேட்டையில் கரீம் பாஷாவின் ஜவுளிக்கடை வாசல். 'கஞ்சமலைத் தூதன்' வாரப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்து நின்று கேட்பது அங்கே வழக்கம். மூட்டை தூக்கும் குடும்பத்தில் பிறந்து பி.ஏ. முடித்தவள் பேட்டையிலேயே அவள் ஒருத்திதான். அதனால் படிக்கும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள், திட்டு வாங்குவது சொந்த அப்பாவே ஆனாலும்.

"நிறுத்தாத ஆயி, படி," என்றான் சுண்ணாம்புக்கடை வெள்ளியங்கிரி. "கழுகுக் கண்ணு எழுதுனா எழுதுனதுதான். என்ன தப்பு?"

"தப்பென்னவா? புனைபேருல ஒளிஞ்சுக்கிட்டு எழுதற அந்தாளு பந்த ஒரு தரம் ஒதச்சிருப்பானா? பகலெல்லாம் மண்டியில மூட்டை தூக்கிட்டு, சாயங்காலம் வெறுங்காலோட ஆடறாங்க நம்மாளுக. பூட்ஸ் போட்டவனோட மோதறாங்க. அவங்களச் சேத்து ஒரு டீமாக்கினது எங்கப்பா!"

"சேத்தது சரி. ஜெயிக்கோணுமில்ல?"

பேட்டைக் கால்பந்து டீமின் தலைவர் கரீம் பாஷா பத்திரிகைக்காரனை மெச்சினார். "என்னதான் சொல்லுங்க, சுறுசுறுப்புக்காரன். ஞாயித்துக்கெழம பொழுது சாய ஆட்டம் முடியுது, திங்கக்கெழம விடியறப்ப அச்சுல வந்துருது. எத்தன கோலுன்னு மட்டும் எழுத மாட்டேங்கறான்."

"திட்டறதுக்கே எடம் பத்தலீங்க பாய். கோலுக்கு எங்க போவான்?" என்றாள் உண்ணாமலை.

தூணில் சாய்ந்திருந்த மாதையன் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரசிக்கத் தெரியும்.

"அப்பா! உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?"

"அதான் உனக்கிருக்குதே சாமி."

அவளுக்கு இருந்தது. அன்றே பத்திரிகைக்கு மறுப்பு எழுதினாள். 'தூற்றுவது எளிது. தோற்றவன் மறுநாளும் திடலுக்கு வருவதுதான் வீரம். உண்ணாமலை, பி.ஏ.' அடுத்த இதழில் அது வந்தது. அதன் கீழேயே கழுகுக் கண்ணின் பதிலும் வந்தது: 'மேனேஜர் இப்போது மகளின் பட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.'

பேட்டை கொதித்தது. "நம்மாள நாம திட்டலாம். எவனோ திட்டறதா?" என்று வெள்ளியங்கிரியே கட்சி மாறினான். முன்பெல்லாம் வெள்ளாடுகள் மட்டுமே மேய்ந்த திடலில் அந்த ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. உண்ணாமலைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அத்தனை பேரும் வந்து பார்த்தது இன்னொரு தோல்வியை.

கரீம் பாஷா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ எழுதப்போயி ஜங்ஷன் வரைக்கும் சிரிக்கறாங்க. கமிட்டியில முடிவு பண்ணியாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம சூரமங்கலத்துக்காரங்ககிட்டத் தோத்தா, உங்கப்பாரு மேனேஜர் வேலைய உட்டுரணும்."

உண்ணாமலை யோசித்தாள். கோல்கீப்பர் தீர்த்தகிரிக்கு முழங்கால் வீங்கியிருப்பதைப் போன வாரம் கழுகுக் கண் எழுதியிருந்தான். அது தீர்த்தகிரிக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த சேதி. அப்படியானால் உளவாளி யார்? சனிக்கிழமை மத்தியானம் மண்டி நடுவில் தீர்த்தகிரியை நிறுத்தினாள்.

"அந்தாளுக்குச் சேதி சொல்றது நீங்கதானே?"

"எங்காலு நொண்டின்னு நானே பேப்பர்ல போடச் சொல்லுவனா? படிச்ச புள்ளையாச்சேன்னு பாக்கறேன். உங்கப்பன் டீமுக்கு இனி வேற ஆளப் பாத்துக்குங்க!"

நாளைக்கு ஆட்டம். கோல்கீப்பர் இல்லை. சேதி கேட்ட மாதையனுக்கு முகம் வெளுத்தது. "அடடா, இது காலைலயே தெரிஞ்சிருந்தா மாத்திச் சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்டங்கப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி."

உளவாளி பிடிக்கப்போய் ஆளைத் தொலைத்தவள் அவள்தான். ஆளைத் தேடவேண்டியதும் அவள்தான். மண்டியில் பனமரத்துப்பட்டிப் பூசணி வண்டி நின்றிருந்தது. மேலிருந்து ஒருவன் வீச, செங்கோடன் கீழே நின்று பிடித்துப் பின்னாலிருப்பவனுக்கு வீசிக்கொண்டிருந்தான். ஒன்றுகூடத் தரையில் விழவில்லை.

"செங்கோடண்ணா, நாளைக்குக் கோல்ல நிக்கறீங்களா?"

"எனக்குப் பந்தாடத் தெரியாதுங்களே ஆயி."

"ஆடவேண்டாம். பூசணி மாதிரி பிடிச்சாப் போதும்."

பிடித்தான். சூரமங்கலத்து ஆள் பீரங்கி மாதிரி உதைத்த பந்தை அலுங்காமல் பிடித்தான். பேட்டையே எழுந்து ஆர்ப்பரித்தது. செங்கோடன் பழக்கம் மாறாமல் திரும்பி, பின்னாலிருப்பவனுக்கு வீசினான். பின்னால் ஆளில்லை. வலைதான் இருந்தது.

கோல்!

மாதையன் தலையில் கை வைத்தார். "பேட்டை மானத்த வாங்கிட்டானே!" என்று வெள்ளியங்கிரி கத்தினான். மறுபடி பந்து வந்தது. செங்கோடன் மறுபடி பிடித்தான், மறுபடி இடுப்பைத் திருப்பினான். உண்ணாமலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடினாள். இலக்கணமான தமிழில் விளக்க நேரமில்லை. மண்டிப் பாஷையில் அலறினாள்:

"அண்ணா! அத்தனையும் அழுகல்! வந்த வண்டிக்கே வீசுங்க!"

செங்கோடனுக்கு விளங்கிவிட்டது. அழுகல் சரக்கை அவன் வீசும் வேகம் பேட்டைக்கே தெரியும். பாதித் திடலைத் தாண்டிப் போய் விழுந்த பந்தை நம்மாட்கள் வெறுங்காலால் உருட்டிக்கொண்டு ஓடி அடித்தார்கள். ஒன்று. பிறகு இன்னொன்று. ஊதல் ஒலித்தபோது ஜவுளிக்கடைக்காரரும் மூட்டைக்காரரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கரீம் பாஷா கடையிலிருந்து புதுத் துண்டுகளை வரவழைத்து எல்லார் தோளிலும் போட்டார். வியர்வை நாறும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, 'இவர்கள் என் ஆட்கள்' என்று உண்ணாமலை நிமிர்ந்து நின்றாள்.

மாதையன் மட்டும், "நெசமாவே ஜெயிச்சுட்டமா?" என்று திகைத்து நின்றார்.

மறுநாள் காலை, மேனேஜருக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் பத்திரிகை வந்தது.

"'செவ்வாய்ப்பேட்டை மீண்டும் தோற்றது! முழங்கால் வீங்கிய தீர்த்தகிரியையே கோலில் நிறுத்திய மேனேஜர் மாதையனை என்னென்பது!'"

உண்ணாமலை அந்த வரியை மறுபடி படித்தாள். தீர்த்தகிரி திடல் பக்கமே வரவில்லையே!

"அச்சாபீசுக்கு நடங்கடா!" என்றான் வெள்ளியங்கிரி.

"வேண்டாஞ் சாமி, பாவம், பொழச்சுப் போறான்," என்று மாதையன் குறுக்கே வந்தார். கூட்டம் அவரையும் மாலையோடு தூக்கிக்கொண்டு நடந்தது.

அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் அருணகிரி மட்டும் இருந்தான். உண்ணாமலை பத்திரிகையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்கய்யா அந்தக் கழுகுக் கண்ணு? கண்ணிருந்தா வெளிய வரச் சொல்லு! ஆடாத ஆட்டத்த எழுதுன அந்தப் பெரிய மனுசன் யாருன்னு ஊரு பாக்கட்டும்!"

அருணகிரி மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அவரத்தான் மாலை போட்டு நீங்களே தூக்கிட்டு வந்திருக்கீங்களேம்மா! 'எவனாச்சும் திட்டினாத்தான் நம்ம பேட்டை ஆட்டம் பாக்க வருது'ன்னு வாராவாரம் சனிக்கெழம காலைலயே வந்து அவருதான் சொல்லுவாரு, நான் எழுதிக்குவேன். இந்த ஒரு வாரந்தானுங்க நம்ம பசங்க அவர ஏமாத்திப்புட்டாங்க!"