மூன்றாவது சிலிண்டரில் கேட்ட கனைப்பு

அன்று காலை திருப்பரங்குன்றத்தில் பேச்சிமுத்துவின் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். காரின் சொந்தக்காரர் கல்யாணராமன், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மைத்துனர் குருபிரசாத். மெக்கானிக் பேச்சிமுத்து. பேச்சிமுத்துவின் தகப்பனார் நல்லகாமன்; பட்டறையைத் தொடங்கியவர், இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியும் வெற்றிலையுமாகச் சரி. ஐந்தாவது, எதிர்ச்சாரியில் பருத்திப்பால் விற்கும் மலையம்மாள். நேரில் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

"மூணாவதுல காத்தே நிக்க மாட்டேங்குது சார்," என்றார் பேச்சிமுத்து.

நான்கு சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் காற்றழுத்தம் காட்டும் கம்ப்ரெஷன் கேஜைத் திருகிவிட்டு, குருபிரசாத்தை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். முதலாவதில் முள் நூற்று இருபதைத் தொட்டது. இரண்டாவதில் நூற்றுப் பதினெட்டு. நான்காவதில் நூற்று இருபத்திரண்டு. மூன்றாவதில் நாற்பது வரை ஏறியது. அதற்குமேல் யாரோ விரலால் பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை பாருங்கோ," என்றார் கல்யாணராமன்.

பார்த்தார். நாற்பது.

அன்று மாலை ஆறு மணிக்குக் கல்யாணராமனின் மகள் மதுவந்தியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை ஜெயந்த் இந்தக் காரில்தான் ஊர்வலம் வந்தாக வேண்டும். கல்யாணராமனின் அப்பா வாங்கிய வெள்ளைக் கார் அது. அவர் தம்முடைய மூன்று பெண்களின் மாப்பிள்ளைகளையும் இதில்தான் அழைத்துவந்தார். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார், மேல்மூடி திறக்கும் பெரிய கார் ஒன்றை வாடகைக்குப் பேசலாம் என்றபோது, கல்யாணராமன் எழுந்து நின்று, "எங்காத்து மாப்பிள்ளை வாடகை வண்டியில் வந்த வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டார். சபையில் சொன்ன சொல். அதைத் திரும்ப வாங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"அத்திம்பேர், பேசாம ஒரு வாடகைக் கார்..."

"குரு, அந்த வார்த்தை என் காதுல விழப்படாது."

பேச்சிமுத்து எண்ணெய்க் குப்பியை எடுத்தார். "கொஞ்சம் இஞ்சின் ஆயில உள்ள விட்டுப் பாப்போம் சார். முள்ளு ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். ஏறலன்னா வால்வு."

கொஞ்சம் என்றவர் தாராளமாகவே ஊற்றினார். முள் நாற்பத்திரண்டில் நின்றது.

"வால்வேதான். மேல ஹெட்டக் கழட்டிப் பாத்துரணும்."

"கூடாது!" என்றார் கல்யாணராமன். "இந்த இன்ஜினை அப்பா காலத்துலேர்ந்து ஒருத்தரும் திறந்ததில்லை. அன்னிய மனுஷா கை படாத இன்ஜின் இது."

நல்லகாமன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்பச் சரி, கழட்டாமக் கேட்டுப் பாப்போம்," என்றார் பேச்சிமுத்து. "பிஸ்டன உச்சில நிறுத்தி, பிளக்கு ஓட்டை வழியா உள்ள காத்து விடுவோம். எங்கிட்டு ஒழுகுதோ அங்கிட்டுச் சத்தம் வரும்."

இஞ்சின் சுற்றிவிடாதிருக்க டாப் கியரில் போட்டு, கை பிரேக்கையும் இழுத்துவிட்டார். காற்றுக் குழாயைப் பொருத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பக்கத்து லேத்துப் பட்டறையின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. மலையின் நிழல் தெருவில் பாதியை மூடியிருந்தது. எங்கோ கத்திக்கொண்டிருந்த காக்கைகூட நிறுத்திக்கொண்டது. கம்ப்ரசர் டாங்கில் மிச்சமிருந்த காற்றைப் பேச்சிமுத்து மெல்லத் திறந்தார்.

கார்புரேட்டரில் காது வைத்தார். ஒன்றுமில்லை. ஆயில் மூடியைத் திறந்து கேட்டார். ஒன்றுமில்லை.

பின்பக்கம், சைலன்ஸர் குழாய்க்குள்ளிருந்து வந்தது. முதலில் நீளமாக ஓர் இழுப்பு. பிறகு குட்டையாக ஒன்று. பிறகு, பதில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு நிறுத்தம்.

கல்யாணராமனின் முன்கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. அவருடைய அப்பா வாசற்படியில் கால் வைக்குமுன் கனைப்பது அப்படித்தான். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, ஒரு நிறுத்தம். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

எதிர்ச்சாரியிலிருந்து மலையம்மாள் டம்ளரும் கையுமாக வந்து நின்றார். "ஆத்தீ! இது பெரிய சாமி கனைப்புல்ல!"

"வால்வு ஓட்டைதான் அக்கா," என்றார் பேச்சிமுத்து.

"வால்வு எனக்குத் தெரியாதுப்பா. கனைப்புத் தெரியும். அம்புட்டு வருசம் அவருக்குப் பருத்திப்பால் ஆத்திக் குடுத்தவ நான்."

"அபத்தமாப் பேசப்படாது," என்றார் கல்யாணராமன். "உள்ள காத்துப் போறது, ஓட்டை வழியா வெளில வரது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றார்.

"நல்லாக் கேக்குறாப்புல இன்னும் கொஞ்சம் திறக்குறேன்," என்றார் பேச்சிமுத்து.

திறந்தார். சாவி மேஜையில் இருந்தது. பிளக்குகள் செய்தித்தாளில் இருந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. கார் மெதுவாக ஒரு சாண் முன்னால் வந்து, கல்யாணராமனின் முழங்காலைத் தொட்டு நின்றது.



"பிஸ்டன் சரியா உச்சில நிக்கல சார்," என்றார் பேச்சிமுத்து. குரல் இறங்கியிருந்தது. "காத்து அதத் தள்ளிருச்சு. கியர்ல கெடந்ததால சக்கரம் உருண்டுருச்சு. கை பிரேக்கும் புடிக்கல."

எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அதைக் கேட்க மலையம்மாள்தான் அங்கே இல்லை. அவர் தெருக்கோடியைத் தாண்டியிருந்தார்.

ஹெட்டைத் தொடாமல் இஞ்சினின் மேல்மூடியை மட்டும் திறக்கக் கல்யாணராமன் ஒருவழியாகச் சம்மதித்தபோது மாலை நான்கு மணி தாண்டியிருந்தது. எரிந்த புகையை வெளியே விடும் வால்வுக்கு மேலே இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல், அது முழுக்க மூட முடியாமல் நின்றிருந்தது. பேச்சிமுத்து திருகைத் தளர்த்திச் சரிசெய்தார். முள் தொண்ணூறுக்கு ஏறியது.

"வால்வு வெளிம்பும் கொஞ்சம் கருகியிருக்கும். இன்னைக்கு ஓடிரும்," என்று பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தார்.

ஊற்றிய எண்ணெய் அவ்வளவும் வெள்ளைப் புகையாகக் கிளம்பிற்று. பட்டறையை நிறைத்து, தெருவை நிறைத்து, சாம்பிராணி போட்டதுபோல் சுழன்றது. காற்றுக் குழாய் வைத்தபோது மட்டும் கேட்ட கனைப்பு, இப்போது காற்றுக் குழாய் இல்லாமலேயே புகைக்குள்ளிருந்து கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, ஒரு நிறுத்தம். தெருவில் போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

செல்போன் அடித்தது. மனைவி பாகீரதி.

"ஏன்னா, உங்கப்பா கார்ல உக்காந்துண்டு நகர மாட்டேங்கறாராமே? இந்தச் சம்பந்தம் அவருக்குப் பிடிக்கலையாமே?"

"யார் சொன்னா?"

"சமையல்காரர் சொன்னார். அவருக்குப் பூக்காரி சொன்னாளாம். சம்பந்தி மாமி காதுலயும் விழுந்தாச்சு. அவா யாரும் எங்கிட்ட முகம் குடுத்தே பேசலை. மதுவந்தி அழுதுண்டிருக்கா."

"வெறும் வால்வுடி அது!"

"அதை அவாகிட்ட வந்து சொல்லுங்கோ."

கல்யாணராமன் வேஷ்டியை இறுக்கிக் கட்டினார். இனி வண்டி போகாவிட்டால் பழி இரண்டு: சபையில் சொன்ன சொல் போகும், பெண்ணின் கல்யாணமும் போகும். "வண்டிய எடுங்கோ பேச்சிமுத்து. நேரா பிள்ளையார் கோவிலுக்கு."

"நானும் வாரேன்," என்றபடி நல்லகாமன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வழியெல்லாம் சனம் ஒதுங்கி நின்றது. டவுன் பஸ் ஒன்று ஓரம்கட்டி வழிவிட்டது. அந்தச் சாலையில் அதுவரை யாரும் கண்டிராத அதிசயம். வேகம் குறைந்த இடங்களிலெல்லாம் கார் கனைத்தது. பூக்கடைக்காரர் வந்து பானட்டுக்கு மாலை போட்டபோது கனைத்தது. அவர் மாலையைப் போட்டுவிட்டுக் காசு கேட்காமல் ஓடினார். போகிற வழியில் கல்யாணராமன் எட்டு இடத்தில் தலையை வெளியே நீட்டி, "வால்வு, வெறும் வால்வு!" என்று சொன்னார். எட்டு இடத்திலும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்கள்.

பிள்ளையார் கோவில் வாசலில் இரண்டு வீட்டாரும் இரண்டு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். கோட்டும் மாலையுமாக ஜெயந்த் வெளிறிப்போயிருந்தான். அவனுடைய பெரியப்பா மட்டும் முன்னால் வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார்.

கார் கனைத்தது.

பெரியப்பா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "பிடிக்கலைன்னு எவன் சொன்னான்? பேத்தி கல்யாணத்துக்குத் தாத்தாவே நேர்ல வந்திருக்கார்! இதைவிட எங்களுக்கு என்ன வேணும்?" என்று அப்படியே பம்பருக்கு எதிரே சாஷ்டாங்கமாக விழுந்தார். அவருக்குப் பின்னால் சம்பந்தி மாமி. அவருக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டது.

குருபிரசாத் கிசுகிசுத்தார். "அத்திம்பேர், வால்வுன்னு சொல்லிடட்டுமா?"

"வாயை மூடுடா."

கல்யாணராமனின் முதுகு நேரானது. "ஆமாம்," என்றார் கோவில் வாசல் முழுக்கக் கேட்கும்படி. "அப்பாதான். அவர் மூச்சு இந்த இன்ஜின்ல இருக்கு. வேற ஒருத்தர் கை இதுல பட்டதில்லை, வேற ஒருத்தர் மூச்சும் இதுல பட்டதில்லை. மாப்பிள்ளை ஏறி உக்காரலாம்."

ஜெயந்த் ஏறி உட்கார்ந்தான். நாகஸ்வரம் தொடங்கியது. கார் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று கனைத்து நிறுத்தியது. கூடியிருந்த அவ்வளவு கைகளும் கூப்பின.

முன்கதவைத் திறந்துகொண்டு நல்லகாமன் இறங்கினார். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"அப்படியெல்லாம் இல்ல சாமி, ஆளு தெரியாமக் கும்புடாதீக. நீங்க வடக்க வேலைல இருந்தப்ப, தொண்ணூத்தேழுலயே பெரிய சாமியோட பழைய இஞ்சினு வெடிச்சுப்போச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு வேற இஞ்சின மாட்டச் சொன்னாரு. இது கொட்டாம்பட்டிப் பக்கம் பொணவண்டியா ஓடுனதுல இருந்து கழட்டுனது. உள்ள கனைக்கிறது யாரா இருந்தாலும், பெரிய சாமி இல்ல."